இது வெயில்தானா

காற்றாடி நின்றுபோனது எனக்கு முதலில் காதில்தான் தெரிந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்தேன், மதியச் சாப்பாட்டின் கனம், அந்தக் கடகட சத்தம் இழுத்து இழுத்துத் தேய்ந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று, சரி, கரண்ட் போய்விட்டது, இன்றைக்கு உறையூர் பக்கம் பராமரிப்பு வேலை, மின்சாரம் இருக்காது என்று கரூருக்குக் கிளம்பும்போதே என் வீட்டுக்காரர் கதிரேசன் சொன்னாரே, காலையில் போகவேண்டியது போகவில்லை, அதனால் இனிமேல் போகாது என்று நானாக முடிவு செய்துகொண்டு கட்டிலில் சாய்ந்தேன், காற்றாடி நின்ற உடனே எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு இது. அக்னி நட்சத்திரத்தில் தளம் குடித்த வெயிலையெல்லாம் மதியத்துக்கு மேல் எங்கள் தலையில்தான் இறக்கும். அப்படியே கண் அசந்திருக்க வேண்டும், ஏனென்றால் திரும்ப விழித்தபோது தலையணை நனைந்து கிடந்தது, ஜன்னல் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். இது இப்போது என் கைக்குத் தானாக வருகிற வேலை, பல் தேய்க்கிற மாதிரி. வலது கண் மட்டும் பார்த்தது. கம்பிகளே இல்லை, ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை, அதன் நடுவில் கண்ணாடியில் யாரோ வாய் வைத்து ஊதின மாதிரி புகை. கையை மாற்றினேன், கம்பிகள் வந்தன. மறுபடி மாற்றினேன், புகை. இது வெயில்தானா, இல்லை அதுவா.

அது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று முழுசாகச் சொல்ல கதிரேசனுக்கு நாக்கு இன்னும் புரளாது, எம்.எஸ். என்று சுருக்கினால், "அது டாக்டருங்க படிக்கிற பெரிய படிப்புல்ல அண்ணி?" என்றாள் என் நாத்தனார், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்குமே போன வருஷம் வரை அப்படித்தான். அது முதலில் வந்தது என் கண்ணுக்கு இல்லை, காலுக்கு, அதுவும் அது என்று தெரியாமலே வந்தது. இடது கால் செருப்பு கழன்று தெருவிலேயே கிடக்கும், நான் வீடு வரைக்கும் வந்துவிடுவேன், பாதத்துக்குச் செய்தியே போய்ச் சேராது. வைட்டமின் குறைச்சல் என்றார் ஒருவர், இடுப்பில் டிஸ்க் என்றார் இன்னொருவர், ஊசி போட்டுக்கொண்டேன், ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது. அதுதான் இதனுடைய சாமர்த்தியம், வந்து உட்கார்ந்துவிட்டால் யாராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள், இது வந்த சுவடு தெரியாமல் எழுந்து போய்விடும், நாமும் மறந்துவிடுவோம். பிறகு ஹெல்மெட் வார் மாட்டத் தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஒரு மின்சாரம் இறங்கும், கால் விரல் வரை. பிறகு அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி, எலும்புக்குள் யாரோ ஈர மணலைக் கொட்டி அடைத்த மாதிரி, "வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கப் போறப்ப வராத அசதி, ரெண்டு தோசை சுடறப்ப மட்டும் வருதா அரசி?" என்று என் சொந்த அக்காவே கேட்டாள், நானும் சிரித்தேன், எனக்கும் அது சோம்பேறித்தனம் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்துவிட்டார்கள், படுத்தே கிடக்கிறேன் என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன்.

கண் வந்தது தில்லைநகர் சிக்னலில். தென்னூரில் பர்வீன் அக்கா பெண்களுக்காக நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் கார் வகுப்பு எனக்குத்தான், கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டியரிங் பக்கம், நான் இந்தப் பக்கம், என் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும், அந்த பிரேக்கை நம்பித்தான் அவர்கள் தெருவில் இறங்குவார்கள். இரண்டு நாளாகவே கண்ணை உருட்டினால் உள்ளே வலித்துக்கொண்டிருந்தது, தூசி என்று நினைத்தேன். சிக்னலில் நிற்கும்போது வலது பக்கம் ஏதோ மங்கலாக இருக்கிறதே என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்பு இல்லை. விளக்கு எரிகிறது, ஆனால் சிவப்பு இல்லை, பல தடவை துவைத்துச் சாயம் போன துணியின் நிறம். இன்னொரு கண்ணால் பார்த்தால் நல்ல சிவப்பு. ஒரே விளக்கு, இரண்டு நிறம். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண்ணிடம், "சிக்னல் தாண்டி ஓரமா நிறுத்துமா, அவசரமில்ல, மெதுவா" என்றேன், குரல் நடுங்காமல் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு ஒரு பெருமை. பர்வீன் அக்கா ஆட்டோ பிடித்து வந்து காரை எடுத்துப் போனார். கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார், கண்ணுக்குப் பின்னால் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, நரம்பியல் டாக்டரைப் பாருங்கள் என்றார், கண்ணில் ஒன்றுமில்லை என்கிற வார்த்தை மட்டும் கதிரேசனுக்குப் போதுமாக இருந்தது, வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார், நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன், சாயம் போன ஊர் கடந்துகொண்டே இருந்தது.

எழுந்திரு அரசி, முதலில் இந்த அறையை விட்டு எழுந்திரு. நரம்பு டாக்டரம்மா எவ்வளவு தெளிவாகச் சொன்னார். "வெயில், காய்ச்சல், சுடுதண்ணிக் குளியல், இதெல்லாம் உடம்புச் சூட்டை ஏத்தும். ஏறினா பழைய காயம் பட்ட நரம்பு கொஞ்ச நேரம் மக்கர் பண்ணும், பழைய தொந்தரவே திரும்ப வந்த மாதிரி தெரியும். பயப்படாதீங்க. உடம்பு குளிர்ந்தா தெளிஞ்சுடும். ஒரு நாள் முழுக்கத் தெளியலைன்னா, இல்ல இதுவரைக்கும் இல்லாதது புதுசா ஏதாவது வந்தா, அப்ப எனக்கு போன் பண்ணுங்க." சின்ன வயது, என்னைவிடச் சின்னவர், பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அவர்தான் அந்தப் படங்களைக் காட்டினார், என் தலைக்குள் வெள்ளைத் திட்டுகள், கழுத்துக்குள் ஒன்று, இட்லித் துணியில் மாவு ஒட்டின மாதிரி. "ஒரே ஸ்கேன்ல முத்திரை குத்திடற வியாதி இல்ல இது, இதே வேஷம் போடற வியாதிங்க இன்னும் இருக்கு, அதெல்லாம் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் பேர் சொல்லணும்" என்றார். ரத்தம் எடுத்தார்கள், என்னை இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்லி முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். பிறகு பெயரைச் சொன்னார். உடம்பைக் காவல் காக்கிற படையே ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையைக் கடித்து வைக்கிறது என்றார், நரம்பு என்றால் வயர் மாதிரி, மேலே பிளாஸ்டிக், என்று விளக்க ஆரம்பித்தவரை, "கிளட்ச் கேபிள் மாதிரிங்களா டாக்டர், மேல இருக்கற ஹோஸ் கிழிஞ்சா இழுவை சரியா போய்ச் சேராதே" என்று கேட்டேன், பேனா மூடி நின்றது, "அதேதான்" என்று சிரித்தார். கதிரேசன் சிரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று, "பொண்ணுக்கு வருமா டாக்டர்?" பரம்பரையாக அப்படியே இறங்குகிற வியாதி இல்லை, மற்ற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான், அதுவும் சின்ன அளவு, என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தின் மேல் நான் எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மகள் யமுனா இப்போது தஞ்சாவூரில் அவள் அத்தை வீட்டில் லீவுக்குப் போய்க் குதித்துக்கொண்டிருப்பாள், நல்லது, அங்கே ஏசி இருக்கிறது.

குழாயைத் திறந்தேன், மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராகக் கொட்டியது, கையைச் சுட்டது. பிரிட்ஜில் ஒரு பாட்டில் இருந்தது, துண்டை நனைத்துப் பிடரியில் போட்டேன், போட்ட கொஞ்ச நேரத்தில் துண்டும் என்னைப் போலவே காய்ந்தது. கண்ணைப் பொத்திப் பார்த்தேன், புகை. ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்க மறந்திருந்தேன். இடது கால் இப்போது கனத்தது, நடந்தால் விரல் தரையைத் தேய்த்தது, சரி, அதுவும் பழைய காயம்தான், புதுசு இல்லை, பழசு என்றால் வெயில், வெயில் என்றால் பயமில்லை, ஆனால் முதல் தடவையும் இப்படி மெதுவாகத்தானே வந்தது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாற்காலியில் உட்கார வைத்து ட்ரிப்ஸில் ஏற்றுகிறார்களே அந்த மருந்து வேலை செய்யாமல் போனால், அடியோடு தீர்க்கிற மருந்து இல்லை, அடுத்த அடி விழாமல் தடுக்கிற மருந்து என்று சொல்லித்தான் ஏற்றினார்கள், தடுக்கவில்லை என்றால், அப்புறம் ஸ்டீராய்டு, முகம் பூரி மாதிரி உப்பும், தூக்கம் வராது, அப்புறம் கைத்தடி, அப்புறம் சக்கர நாற்காலி, மருந்து ஏற்றுகிற அறையில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் அப்படித்தான் வருவார், அவருக்கு இந்த மருந்தெல்லாம் வராத காலத்திலேயே வந்துவிட்டது, "என்னைப் பார்த்துப் பயப்படாதம்மா, உனக்கு எழுதினது வேற" என்று என்னிடம் சொன்னார், நான் பயப்படவில்லை சார் என்றேன், என் முகம் பொய் சொல்லத் தெரியாத முகம். நாளைக்கு வேறு பர்வீன் அக்கா வரச் சொல்லியிருக்கிறார். கண் தேறிவிட்டது, ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் நான்தான் தள்ளிப்போட்டேன், கடைசியில் போன வாரம் சரி என்றேன், நாளை முதல் வகுப்பு, முதலில் மைதானத்தில் ஸ்கூட்டி மட்டும். மைதானத்தில் நிழல் கிடையாது. இதை எப்படி நான் யோசிக்காமல் இருந்தேன். கதிரேசனைக் கூப்பிடலாம், கரூரில் இருக்கிறார், கூப்பிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார், உடனே கிளம்பிவிடுவார், அந்த நெடுஞ்சாலையில் அவர் எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும், வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு அதைவிட வேறு பயம் வேண்டாம். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன். எண்கள் கரைந்தன. வைத்தேன். ஒண்ணுக்கு வேறு முட்டியது, வந்தால் உடனே போகவேண்டும், அதுவும் அது கொடுத்த சொத்துதான், சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன்.

இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவில் ஸ்டெல்லா கேக்ஸ் என்று பலகை தொங்கும். அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் கீழிடுக்கு வழியாகக் குளிர் வந்து பாதத்தில் படும், கரண்ட் இல்லாத நாளிலும் படும், கிரீம் உருகாமல் இருக்கப் பெரிய இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார் போல. அது நினைவுக்கு வந்ததும் அங்கே போகக்கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. இந்தக் குடியிருப்புக்கு வந்து எத்தனை மாதமாகிறது, யாரிடமும் பேசியதில்லை. கண் மோசமாக இருந்த நாட்களில் எதிரே வருகிறவர்கள் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது, நான் சிரிக்காமல் போனேன், அப்புறம் தெரிந்தபோது இனிமேல் சிரித்தால் என்ன நினைப்பார்கள் என்று சிரிக்கவில்லை. போய் என்ன சொல்வது. தலைசுற்றல் என்று சொல்லலாம். பிரஷர் என்று சொல்லலாம், பிரஷர் என்றால் எல்லோருக்கும் புரியும், மரியாதையான வியாதி. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டினேன், துவாரத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் சாவியை நுழைக்க முடிந்தது. படியில் கைப்பிடிக் கம்பியும் சுட்டது. ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து இடதை அதன் பக்கத்தில் இறக்கினேன், கைக்குழந்தையை இறக்குகிற மாதிரி, விழுந்துவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள், யாரும் வரமாட்டார்கள், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்னைக் கண்டுபிடிக்கக் கதிரேசன் வரவேண்டும், இந்தப் படியில் வைத்து அவர் என்னைப் பார்க்கக்கூடாது, அதற்காகவாவது விழாதே, காலை வை, பார்க்காதே, வை.

கதவைத் திறந்த அம்மாளின் முகம் எனக்கு ஒரு வட்டமாகத்தான் தெரிந்தது, கன்னத்தில் வெள்ளையாக ஏதோ, கிரீமாக இருக்கும். "மேல் வீட்டுக்காரங்கதானே?" என்றார், குரலில் ஒரு தயக்கம் இருந்தது. பிரஷர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்னு ஒரு நரம்பு வியாதி" என்றேன், என் காதில் விழுந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, கரண்ட் வந்த மாதிரி திடீரென்று. "சூடு அதிகமானா கண்ணு மறைக்கும், கால் இழுக்கும். கொஞ்ச நேரம் குளிர்ல உட்கார்ந்தா சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உங்க வீட்ல ஏசி ஓடுதுன்னு..." அவர் உடனே வாங்க என்று சொல்லவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க, ஒட்டிக்குமா? சாப்பிடற பொருள் செய்யற இடம்" என்றார். "இல்லைக்கா, ஒட்டாது. இது உடம்புக்குள்ளயே நடக்கற சண்டை." பிறகு என் முழங்கைக்கு மேலே இறுக்கமாகப் பிடித்தார், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இடது காலை நான் பாத்துக்கறேன், நீங்க வலதை மட்டும் வைங்க" என்றார், எந்தக் கால் என்று நான் சொல்லவில்லை, பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

அறை என்றால் அது ஒரு குகை. கதவைச் சாத்தியதும் குளிர் என் கழுத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்தது, வெண்ணெய், வெனிலா மணம், உள்ளே நீளமாக ஒரு மேஜை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஏசிக்கு நேராக இழுத்துப் போட்டார், பாத்திரம் நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து என் கால்களை அவரே எடுத்து உள்ளே வைத்தார், வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. "ஏசிக்காகவே பேட்டரி வாங்கிப் போட்டிருக்கேன், வீட்டுக்காரர் திட்டினாரு, இன்னிக்கு மனுஷங்களுக்கும் உதவுது பாருங்க" என்றார். பிறகு மேஜைக்குத் திரும்பி வேலையைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது திறக்கக்கூடாது, திறந்து புகையாக இருந்தால் என்ன செய்வது, மூடியிருக்கிற வரை அது வெயில்தான். தெரியாமல் இருப்பதும் ஒரு நிழல் மாதிரி, அதில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். "ஒண்ணு சொன்னா வருத்தப்படமாட்டீங்களே" என்றார் அவர். சொல்லுங்கக்கா என்றேன். "நீங்க படியேறும்போது ஒரு மாதிரி தள்ளாடுவீங்களா, கீழ் வீட்ல ஒருத்தங்க, அந்தப் பொம்பளை குடிக்குதோ என்னவோன்னு சொன்னாங்க. நானும் ஆமா போலன்னு தலையாட்டினேன்." எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, வந்தது சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து, பாத்திரத்துத் தண்ணீர் குலுங்கித் தரையில் சிந்துகிற அளவுக்கு. குடிக்கிறேனாம். இத்தனை நாளும் ஐயோ பாவம் என்று பார்ப்பார்களோ என்று ஒளிந்துகொண்டிருந்தேன், அவர்களோ எனக்கு என்னென்ன சந்தோஷத்தையெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்டெல்லா அக்காவும் சிரித்தார், சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சினார், "மன்னிச்சுக்கங்க" என்றார், "பேர் என்ன?" என்றார். "அரசி." "சாப்பிடறீங்களா அரசி, ஓரம் வெட்டின கேக் இருக்கு." கையில் வைத்தார். இனிப்பு நாக்கில் கரைந்தது.

நாளைக்குப் பர்வீன் அக்காவிடம் சொல்லவேண்டும், மைதான வகுப்பென்றால் வெயில் ஏறுவதற்கு முன்னால் காலை வகுப்பு மட்டும்தான் எடுப்பேன் என்று, கேட்டுக்கொள்வார், கேட்காவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும், கழுத்தில் போட்டுக்கொள்கிற குளிர்பட்டி ஒன்று வாங்கவேண்டும், கதிரேசனிடம் இன்றைக்கு நடந்ததை ராத்திரி சாப்பிட்ட பிறகு சொல்லவேண்டும், சாப்பிடுவதற்கு முன்னால் சொன்னால் சாப்பிடமாட்டார். எல்லாம் சரி, திற. காலில் தண்ணீரின் குளிர்ச்சி இப்போது இரண்டு பாதத்துக்கும் தனித்தனியாகத் தெரிந்தது, இடது பெருவிரலை அசைத்தேன், அசைந்தது, திற அரசி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலதைத் திறந்தேன். வெள்ளை. அதே வெள்ளை. பிறகு அந்த வெள்ளைக்கு ஓரம் வந்தது. வட்டமான ஓரம், அதைச் சுற்றிப் பூ வேலை, புகை இல்லை அது, கேக், மேஜை மேல் இருக்கிற கேக்கின் வெள்ளை. அதன் மேல் ஸ்டெல்லா அக்காவின் கை குனிந்து, காகிதக் கூம்பிலிருந்து நீலமாக ஏதோ இழுத்துக்கொண்டு போனது. கோடு. சுழி. முதலில் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி, பிறகு எழுத்து, தே, அப்புறம் ன், நான் மூச்சை விடாமல் இருந்தேன், மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று, மொ, கண்ணில் தண்ணீர் கட்டியது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், இருந்தது, எங்கேயும் போகவில்லை, ளி. தேன்மொளி. யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள்.

"அக்கா" என்றேன். "அது 'ளி' இல்ல, 'ழி'. தேன்மொழி."

ஸ்டெல்லா அக்கா நிமிர்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். "ஐயோ ஆமா!" கத்தியின் முனையால் அந்த ஓர் எழுத்தை மட்டும் பதமாகச் சுரண்டி எடுத்தார்.

"நல்லவேளை அரசி" என்றார். "நீங்க பார்த்தீங்க."